தகவல் தணிக்கை: எதை வைத்திருக்கிறோம் என்று எண்ணுவதா, எதற்கு வைத்திருக்கிறோம் என்று கேட்பதா?

#1 சுவடிக்கூடம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவமனையில், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியான பிறகு, மருத்துவமனை முழுவதும் ஒரு தகவல் தணிக்கை, அதாவது எங்களிடம் என்னென்ன தகவல்கள் உள்ளன என்று ஆராயும் பணி, நடத்துவது என்று எங்கள் நிர்வாகக் குழு தீர்மானித்தது. சட்டத்தின் பெரும்பாலான கடமைகள், விதிகள் வெளியாகி 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன என்பதால் காலம் போதுமானதாகவே இருக்கிறது. தணிக்கை தொடங்கியிருக்கும் விதத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

இதற்கென அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பதிவேட்டின் பெயர், அது காகிதமா கணினியா, எங்கே இருக்கிறது, பொறுப்பாளர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு உரியது என்று அதில் கேட்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் படிப்பவர் யார், படித்தபின் அவர் என்ன முடிவெடுக்கிறார், அது இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று ஓரிடத்திலும் கேட்கப்படவில்லை. கேட்டால், முதலில் இருப்பைக் கணக்கெடுப்போம், பயன்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

என்னால் அதை ஏற்க முடியவில்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். புதிய சட்டமோ, எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அதை அழித்துவிட வேண்டும் என்கிறது. நோக்கம் முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால் நோக்கம் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதைக் கேட்காத கணக்கெடுப்பின் முடிவில் எங்கள் கையில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பயன்பாட்டிலிருந்து தொடங்கித் தகவல் தணிக்கை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

#2 எழும்பூர்

சுவடிக்கூடம் அவர்களுக்கு வணக்கம். அரசுப் பணியில் நீண்ட காலம் பதிவறைகளோடு பழகியவன் என்ற முறையில் சற்று மாறுபட்டுப் பேசுகிறேன். கணக்கெடுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள், ஐயா. நம் நாட்டில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்தக் கணக்கே இல்லை என்பதுதான் முதல் துன்பம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தி, தேடி எடுக்கும் வகையில் பராமரிக்க வேண்டும் என்கிறது. அடுத்து வரும் 4(1)(ஆ) பிரிவு, தன்னிடம் எந்தெந்த வகை ஆவணங்கள் உள்ளன என்பது உட்பட 17 இனங்களை 120 நாள்களுக்குள் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் வந்து 20 ஆண்டுகள் கடந்தும், மனுதாரருக்கு வரும் பதிலில் ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்ற வரி மறையவில்லை. ஒரு காலத்தில் இருந்த தகவலை, இப்போது கண்டெடுக்க முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது என்றும், கோப்பு எங்கே போயிற்று என்று விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்றும் டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஸ்வாஸ் பாம்பூர்கர் வழக்கில் தெளிவாகவே சொன்னது. அதற்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, நடுவண் அரசின் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஆவண அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 25 ஆண்டுகளைக் கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து மதிப்பிட வேண்டும். 2022 டிசம்பரில் அந்தக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே பொதுமேடையில் சொன்னது நினைவிருக்கலாம்: 151 அமைச்சகங்களிலும் துறைகளிலும் 36-இன் ஆவணங்கள் மட்டுமே காப்பகத்துக்கு வந்திருக்கின்றன, 1962, 1965, 1971 போர்களைப் பற்றியும் பசுமைப் புரட்சியைப் பற்றியும் அங்கே ஆவணங்கள் இல்லை. இப்படிப்பட்ட சூழலில், ஒரு நிறுவனம் தன்னிடம் இருப்பதை எழுதிவைக்கவாவது முன்வருகிறது என்றால் அதை வரவேற்க வேண்டும். பயன்பாட்டைப் பற்றிய கேள்வி, பொருள் கண்ணுக்குத் தெரிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி.

#3 நூலகத்தோழி

எழும்பூர் ஐயா சொன்ன நிலைமையை மறுக்க முடியாது. ஆனாலும் கணக்கெடுப்பு முதலில், பயன்பாடு பிறகு என்ற வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. நூலக, தகவல் அறிவியல் துறையில் தகவல் தணிக்கை என்று நாங்கள் படித்ததற்கும், இன்று ஆலோசனை நிறுவனங்கள் அதே பெயரில் விற்பதற்கும் இடையே பெரிய தூரம் இருப்பதால் இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

கணக்குத் தணிக்கையாளருக்கு முன்னே விதி இருக்கிறது. நடந்தது விதிப்படி நடந்ததா என்று அவர் ஒப்பிடுகிறார். தகவல் தணிக்கைக்கு அப்படியொரு ஆயத்த விதிநூல் கிடையாது. நிறுவனம் எதைச் சாதிக்க விரும்புகிறது, அதற்கு யார் என்னென்ன முடிவுகள் எடுக்க வேண்டும், அந்த முடிவுகளுக்கு என்ன தகவல் தேவை என்று மேலிருந்து இறங்கி வந்து, அதன்பிறகே கையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். அப்போதுதான் இருந்தும் பயன்படாதது எது, தேவைப்பட்டும் இல்லாதது எது என்ற இரண்டும் தெரியும். அலமாரியிலிருந்து தொடங்குகிறவருக்கு அந்த இரண்டாவது வகை ஒருபோதும் கண்ணில் படாது, ஏனெனில் இல்லாத பதிவேட்டை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. கணக்கெடுப்பு முதலில் என்பதற்கு நான் சொல்லும் முதன்மையான எதிர்வாதம் இதுதான்.

பிரிட்டனில் ஹாலி குழு 1995-இல், தகவலையும் ஒரு சொத்தாகக் கருதி நிறுவனத்தின் இயக்குநர் குழுவே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘தகவல் சொத்து’ என்று இன்று எல்லோரும் புழங்கும் சொல் பரவியதில் அந்தக் குழுவுக்குப் பங்குண்டு. ஆனால் நடைமுறையில் அந்தச் சொல்லின் பாதிதான் ஒட்டிக்கொண்டது. சொத்து என்றதும் பட்டியல் போடத் தோன்றுகிறது. அந்தச் சொத்து ஈட்டித் தருவது என்ன என்று கேட்கத் தோன்றுவதில்லை.

#4 பேரேடு

நான் அரசுத் தணிக்கைத் துறையோடு தொடர்புடையவன். பொதுவில் வெளியான ஓர் அறிக்கையை மட்டும் வைத்துப் பேசுகிறேன். சுவடிக்கூடம் மருத்துவமனையில் இருப்பதால் அவருக்கு இது நெருக்கமாகவும் இருக்கும்.

ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் செயல்திறன் தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயனாளிகள் பதிவுத் தரவுத்தளத்தில் 7,49,820 பேருக்கு 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருந்தது. 8888888888 என்ற எண்ணில் 1,39,300 பேரும், 9000000000 என்ற எண்ணில் 96,046 பேரும் இருந்தார்கள். 43,197 குடும்பங்களில் உறுப்பினர் எண்ணிக்கை 11 முதல் 201 வரை காட்டப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களோடு 4,761 பதிவுகள் இணைக்கப்பட்டிருந்தன.

செய்தித்தாள்கள் இதை முறைகேடு என்ற ஒரே கோணத்தில் எழுதின. நான் இங்கே வேறு ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எழும்பூர் ஐயா சொல்லும் கணக்கெடுப்பை இந்தத் தரவுத்தளத்தில் நடத்தியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பதிவேடு இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், கைப்பேசி எண் என்ற புலம் (தகவல் நிரப்பும் இடம்) இருக்கிறது, அது நிரப்பப்பட்டும் இருக்கிறது. எல்லாம் சரி என்ற முடிவுக்குத்தான் வந்திருப்போம். அந்த எண்ணுக்கு யாராவது, எதற்காகவாவது, எப்போதாவது அழைக்கிறார்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் நாளிலேயே உண்மை தெரிந்திருக்கும்.

அறிக்கைக்குப் பிறகு அரசுத் தரப்பு தந்த விளக்கத்தை நான் தட்டிக்கழிப்பாகப் பார்க்கவில்லை. அதைக் கூர்ந்து படிக்க வேண்டும். பயனாளியின் தகுதியைச் சரிபார்க்கக் கைப்பேசி எண் பயன்படுவதில்லை, தேவை ஏற்பட்டால் பயனாளியைத் தொடர்புகொள்ளவும் சிகிச்சை பற்றிக் கருத்துக் கேட்கவும் மட்டுமே அது வாங்கப்படுகிறது என்றார்கள். அப்படியானால் அந்தப் புலத்தின் நோக்கம் தொடர்புகொள்வது. ஏழரை லட்சம் பேரைப் பொறுத்தவரை அந்த நோக்கம் நிறைவேறவே முடியாது என்பதை, தணிக்கையாளர் வந்து சொல்லும் வரை அமைப்பு உணரவில்லை. எண்ணைப் பதிந்த ஊழியரை நான் குறைசொல்ல மாட்டேன். எதிரே நோயாளி வலியோடு நிற்கிறார், அவரிடம் கைப்பேசி இல்லை, திரையோ எண்ணைக் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவதில்லை என்றால் பத்து ஒன்பதுகளை அடிக்காமல் அவர் வேறு என்ன செய்வார் என்பது என் கணிப்பு. எவரும் பயன்படுத்தாத தகவல் கெட்டுப்போவது இயல்பு, ஏனென்றால் பயன்படுத்துகிறவர் ஒருவர் இருந்தால்தான் பிழையைக் கண்டு திருப்பி அனுப்புவார். புதிய பதிவு மென்பொருளில் ஒரே எண்ணைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பதிய முடியாதபடி மாற்றிவிட்டதாகத் தேசிய சுகாதார ஆணையம் தணிக்கையாளரிடம் தெரிவித்தது. நல்லதுதான். இருந்தாலும், யார் அந்த எண்ணுக்கு அழைக்கப்போகிறார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

#5 சுவடிக்கூடம்

பேரேடு அவர்களுக்கு மிக்க நன்றி. எங்கள் புறநோயாளிப் பதிவிலும் இதே போன்ற புலம் ஒன்று உண்டு. நோயாளியின் மதத்தைக் கேட்டுப் பதிகிறோம். எதற்கு என்று மூத்த ஊழியர்களைக் கேட்டேன். எப்போதும் கேட்டு வருகிறோம் என்பதற்கு மேல் ஒருவரிடமும் பதில் இல்லை. புதிய சட்டப்படி, ஒப்புதல் பெற்று வாங்கும் தகவல் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும். இதை உடனே நீக்கிவிடச் சொல்லலாமா?

#6 பேரேடு

நீக்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்காக மருத்துவமனை அனுப்பும் அறிக்கைப் படிவங்களின் புள்ளிவிவரப் பகுதியில் மதம் கேட்கப்படுகிறது. ஆகவே மகப்பேறு பிரிவுக்கும், மருத்துவமனையில் நிகழும் இறப்புகளுக்கும் அந்தத் தகவல் சட்டப்படி தேவை. இருமலுக்கு மருந்து வாங்க வரும் புறநோயாளியிடம் அதைக் கேட்பதற்கு அந்தப் படிவங்கள் காரணமாக முடியாது. என்றோ ஒரு காலத்தில் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பதிவுப் படிவம் அச்சடித்தபோது, ஓரிடத்தில் தேவையான கேள்வி எல்லா இடங்களுக்கும் பரவியிருக்கக்கூடும். மதம் என்ற புலம் வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்காமல், எந்த இடத்தில், எந்தப் படிவத்துக்காக என்று கேட்டால் விடை தானாகக் கிடைக்கும்.

#7 தேம்சுக்கரை

நான் இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் தகவல் நிர்வாகப் பணி செய்கிறேன். பயன்பாட்டைக் கேட்காததால் நேர்ந்த கேட்டுக்கு இந்நாட்டில் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு 2007-இல் வருவாய், சுங்கத் துறையில் நடந்தது. அதை வெறும் பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இந்த விவாதத்துக்கு அதில் இருக்கும் பாடம் வேறு.

குழந்தைகளுக்கான உதவித்தொகைக் கணக்கைத் தணிக்கை செய்வதற்காக, தேசியத் தணிக்கை அலுவலகம் அந்தத் துறையிடம் தரவு கேட்டது. மாதிரி எடுத்துச் சரிபார்க்க அவர்களுக்குத் தேவைப்பட்டவை குழந்தையின் பெயர், உதவித்தொகை எண், தேசியக் காப்பீட்டு எண் போன்ற சிலவே. முகவரி, வங்கிக் கணக்கு, பெற்றோர் விவரங்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டே அனுப்புங்கள் என்று கேட்டும் இருந்தார்கள். அப்படிப் பிரித்தெடுப்பதற்குத் தரவுச் சேவை வழங்கும் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்க நேரலாம் என்பதால், கையில் இருந்த முழுத் தரவையும் அப்படியே தருவதென்று துறையில் முடிவானது. 2007 அக்டோபர் 18 அன்று, இரண்டு குறுவட்டுகளில், கடவுச்சொல் மட்டும் இட்டு, மறையாக்கம் செய்யாமல், பதிவுத் தபாலாகவும் அல்லாமல், துறையின் அலுவலக அஞ்சலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை போய்ச் சேரவே இல்லை. 72.5 லட்சம் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் இதை அறிவித்தார். துறைத் தலைவர் பதவி விலகினார். குறுவட்டுகள் கடைசிவரை கிடைக்கவில்லை.

தபாலில் அனுப்பிய கடைநிலை ஊழியரைச் சுற்றியே அன்றைய பேச்சு சுழன்றது. 2008 ஜூனில் வெளிவந்த கீரன் பாய்ன்டரின் விசாரணை அறிக்கை, குறை தனி ஒருவருடையது அன்று, தகவல் பாதுகாப்புக்குத் துறையில் முன்னுரிமையும் தெளிவான பொறுப்பும் இல்லாததே காரணம் என்று காட்டியது. தரவு எங்கே இருக்கிறது என்பது துறைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இருப்புக் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. கேட்பவருக்கு எந்த வேலைக்கு எவ்வளவு போதும் என்று நிறுத்தி யோசித்து, இதற்குமேல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் உள்ள ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை. அதே மாதத்தில் வந்த அரசு முழுமைக்குமான நெறிமுறைகள், ஒவ்வொரு முக்கியத் தகவல் தொகுதிக்கும் மூத்த அலுவலர் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அத்தொகுதி எப்படிப் பயன்படுகிறது, யாருக்குப் போகிறது என்பதற்கு அவரைப் பதில் சொல்ல வைத்தன. அந்தப் பொறுப்பாளர், கணினிப் பிரிவைச் சேர்ந்தவராக இல்லாமல், அந்தத் தகவலைக் கொண்டு பணி நடத்துகிறவராக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

#8 கணினிக்காவலர்

தகவல் பாதுகாப்புத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் ஓரிரு சொற்கள். தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-இன் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டுப்பாடுகள் 114-இலிருந்து 93 ஆகத் தொகுக்கப்பட்டபோதும், தகவல் சொத்துகளின் இருப்புப் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரும் வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்படியே நின்றது. எதைக் காக்க வேண்டும் என்று தெரியாமல் காக்க முடியாது. ஆகவே ஆலோசகர்களின் படிவத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

பயன்பாட்டை அறிய ஊழியர்களைத் துருவித் துருவிக் கேட்க வேண்டியதும் இல்லை. மருத்துவமனை மென்பொருளில் எந்த அறிக்கையை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்ற அணுகல் பதிவுகள் இருக்கும். ஓராண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஒருவரும் தொடாத அறிக்கைகள் எவை என்பது தெரிந்துவிடும். மனிதர்கள் தாங்கள் செய்வதாகச் சொல்வதைவிட இந்தப் பதிவுகள் நம்பகமானவை.

#9 எழும்பூர்

பேரேடு, தேம்சுக்கரை இருவரின் எடுத்துக்காட்டுகளும் வலுவானவை. மைய அரசின் பணியாளர் துறை 2013 ஏப்ரலில் ஆணையிட்ட வெளிப்படைத்தன்மைத் தணிக்கையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தானாக வெளியிடப்படும் தகவல்களை ஆண்டுதோறும் மூன்றாம் தரப்பினரைக் கொண்டு தணிக்கை செய்யச் சொன்ன அருமையான ஏற்பாடு அது. ஆனால் இணையதளத்தில் 17 இனங்களும் ஏற்றப்பட்டுள்ளனவா என்று குறியிடுவதோடு நின்றுவிட்டால், அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கோப்புகளின் நிலையை அது தொடுவதில்லை. வெளியிட்டதை மக்கள் எவரேனும் பயன்படுத்த முடிந்ததா என்பதையும் தொடுவதில்லை. அந்த அளவில் உங்கள் கருத்து எனக்கும் உடன்பாடே.

ஆனால் உங்கள் அணுகுமுறையில் ஓர் ஆபத்தைக் காண்கிறேன்; ஆழ்ந்து யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று எவரும் பயன்படுத்தவில்லை என்பதையே அளவுகோலாக்கினால், நாளை தேவைப்படப்போவதை இன்று அழித்துவிடுவோம். மாவட்ட அலுவலக நடைமுறையில் கோப்பை முடிக்கும்போதே ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு என்று வகுத்துவைத்தார்கள். முடிவெடுத்தது கோப்பின் பொருளைப் பார்த்து. எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்த்து அன்று. பொது ஆவணங்கள் சட்டமும், 1892-க்கு முற்பட்ட ஆவணம் எதையும், சிதைந்து பயனற்றுப்போனது என்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநர் கருதினாலன்றி, அழிக்கக் கூடாது என்கிறது.

சென்னை வானாய்வுக்கூடத்தில் 1796 முதல் வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறித்து வைத்தார்கள். அவர்கள் குறித்தது அன்றன்றைய வானிலையை. இருநூறு ஆண்டுகள் கழித்து, பருவமழையின் நீண்டகாலப் போக்கை ஆராய்வோர் அந்த ஏடுகளைத் தேடி எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஏதோ ஓர் ஆண்டின் அணுகல் பதிவை மட்டும் பார்த்திருந்தால், ஒருவரும் தொடாத ஏடு என்று கணினிக்காவலர் குறித்திருக்கக்கூடும்.

#10 நூலகத்தோழி

எழும்பூர் ஐயாவின் எச்சரிக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். தணிக்கையின் வேலை பயன்பாட்டைக் கண்டறிவது. அழிப்பதா காப்பதா என்பது அதற்கடுத்து, வேறு ஆள்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டுவிட்டால், ‘பயன்பாடு இல்லை’ என்று எழுதிய கையோடு ‘அழிக்கலாம்’ என்றும் எழுதிவிடுவார்கள். புதிய தரவுச் சட்டமே, தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத வரை, ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளிவிவரம் ஆகிய தேவைகளுக்கு, வகுக்கப்பட்ட தரங்களுக்கு உட்பட்டு விலக்கு அளிக்கிறது. ஆகவே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் வரலாற்று மதிப்புள்ளவை எவை என்று, மருத்துவரும் ஆவணக் காப்பாளரும் சேர்ந்து தனியே பார்க்க இடம் இருக்கிறது.

அணுகல் பதிவுகளைப் பற்றிக் கணினிக்காவலர் சொன்னது பாதி சரி. ஒரு மாதாந்திர அறிக்கை தவறாமல் திறக்கப்பட்டு, அச்சிடப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, கோப்பில் சேர்க்கப்படுவதும், அதைப் படித்து ஒருவர் எதையாவது மாற்றுவதும் அணுகல் பதிவில் ஒரே மாதிரிதான் தெரியும். திறப்பதையும் பயன்படுத்துவதையும் பிரித்தறிய வேண்டுமானால் மனிதரிடம் பேசியே ஆக வேண்டும்.

எப்படிப் பேசுவது என்று சுவடிக்கூடம் கேட்டிருந்தார். நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். உங்களிடம் என்னென்ன பதிவேடுகள் உள்ளன என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் அலமாரியைத்தான் காட்டுவார்கள். அண்மையில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், அதற்கு எதைப் பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எது கிடைக்காமல் தடுமாறினீர்கள் என்று கேளுங்கள். மருந்துக் கிடங்குப் பொறுப்பாளரிடம் பேசினால், எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்று அவர் எப்படித் தீர்மானிக்கிறார் என்பதிலிருந்து பேச்சு தொடங்கட்டும். அப்போது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வரும். காலாவதி தேதி நெருங்கும் மருந்துகளை அவர் அதில் கையால் எழுதி வைத்திருப்பார். மென்பொருளில் அதற்கான அறிக்கை இருக்கும். ஆனால் அது மாத முடிவில் வரும், அவருக்கோ வாரத் தொடக்கத்தில் தேவைப்படும். செவிலியர் மேசையில் ஒட்டிய தாள், வரவேற்பாளரின் கைப்பேசியில் உள்ள மருத்துவர் வருகைப் பட்டியல், கணக்குப் பிரிவில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எக்செல் கோப்பு ஆகிய எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை.

இவற்றைக் கண்டால் பல தணிக்கையாளர்கள் விதிமீறல் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். அதிகாரபூர்வமான ஏற்பாடு எந்த இடத்தில் பணிக்கு உதவாமல் போகிறது என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறு இல்லை. நோயாளிகளின் பெயர் இருக்கும் தாள்களையும் கோப்புகளையும் பாதுகாப்பது அவசியம்தான். அதற்கு முன், அவை ஏன் பிறந்தன என்பதைக் கேட்டு எழுதுங்கள். ஊழியரின் பெயரைக் குறிக்காதீர்கள், பணியை மட்டும் குறியுங்கள். பெயர் எழுதப்படும் என்று தெரிந்த மறுநாளே எல்லா நோட்டுப் புத்தகங்களும் மறைந்துவிடும். தணிக்கைக்கு மிஞ்சுவது எவரும் படிக்காத அறிக்கைகள் மட்டுமே.

இன்னொன்று, கொடுக்கிறவரையும் பெறுகிறவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு பிரிவு நாள்தோறும் உழைத்துத் தயாரித்து அனுப்பும் பட்டியலை, பெறும் பிரிவு என்ன செய்கிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. பெறுகிறவருக்கோ அதில் ஒரே ஒரு வரிதான் தேவைப்படும். அதையும் அவர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டால் மரியாதை கருதி எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்பார்கள்.

#11 சுவடிக்கூடம்

அனைவரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நிர்வாகக் குழுவின் முன் வைக்க ஒரு வழி தெரிகிறது. ஆலோசகர்களின் படிவத்தைக் கைவிடச் சொல்லாமல், ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எதிரே, இதைக் கொண்டு எடுக்கப்படும் முடிவு, முடிவெடுப்பவரின் பணி, இதைக் கேட்கும் சட்டம் அல்லது படிவம் என்ற மூன்று கட்டங்களைச் சேர்க்கச் சொல்வேன். மூன்றும் வெறுமையாக இருப்பவற்றை அழிப்புப் பட்டியலில் சேர்க்காமல், எழும்பூர் ஐயா சொன்னபடி மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்வேன். படிவத்தோடு நிற்காமல், பிரிவுகளில் நேரில் பேசவும் அனுமதி கேட்பேன். எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் ஒன்றுதான். ஒரு பிரிவின் பதிவேடுகளுக்குப் பொறுப்பாளராக யாரை எழுதுவது? எல்லாப் பதிவேடுகளுக்கும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவையே பொறுப்பாக்க நிர்வாகம் விரும்புகிறது.

#12 தேம்சுக்கரை

அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவேட்டுப் பிரிவு காக்கும். தேடி எடுத்துக் கொடுக்கும். காப்புக் காலம் முடிந்தால் நினைவூட்டும். பிறருக்குத் தருவதா, எவ்வளவு தருவது, இன்னும் சேகரிக்க வேண்டுமா என்பவற்றை, அந்தத் தகவலைக் கொண்டு சிகிச்சையோ கொள்முதலோ நடத்தும் பிரிவின் தலைவர்தான் சொல்ல முடியும். மருந்துக் கிடங்கின் பதிவேடுகளுக்கு மருந்தகத் தலைவரும், உள்நோயாளிப் பதிவேடுகளுக்கு மருத்துவக் கண்காணிப்பாளரும், ஊழியர் கோப்புகளுக்குப் பணியாளர் பிரிவின் தலைவரும் பெயர் சொல்லி நியமிக்கப்படட்டும். ஆண்டுக்கு ஒரு முறை அவர்களே கையொப்பமிட்டு நிர்வாகக் குழுவுக்குத் தெரிவிக்கட்டும். வெளியாருக்குத் தரவு கொடுக்கும் ஒவ்வொரு முறையும், தணிக்கையாளருக்கே கொடுப்பதாக இருந்தாலும், கேட்கப்பட்டது என்ன, கொடுக்கப்பட்டது என்ன என்ற இரண்டையும் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அதற்கான காரணத்தையும் அங்கேயே எழுத வேண்டும். உங்கள் ஆலோசகர்கள் இந்தத் தணிக்கைக்காகக் கேட்கும் தரவிலிருந்தே இந்த வழக்கத்தைத் தொடங்கிவிடலாம்.